இன்னும் ஒரு கை உப்பு

தெரியவில்லை என்று சொல்ல எனக்கு அறுபத்தேழு வயதிலும் வாய் வருவதில்லை. வழி கேட்பவர்களுக்கு, நான் பார்த்தே இராத தெருவுக்குக்கூட வழி சொல்லி அனுப்பியிருக்கிறேன். (ஒருவரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. அது கொடுத்த தைரியம்தான்.) இந்தக் குணம் ஒரு கல்யாணச் சாம்பாரைக் கெடுத்து, என்னையும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் முப்பது வருடம் எனக்கு ருசி பார்க்கிற வேலை. இனிப்பு அளக்க மெஷின் இருந்தது. ஆனாலும் மெஷின் சொன்ன பிறகு எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே ஒரு ரகசியம் கற்றேன். முதல் சாம்பிளை ‘நல்லா இருக்குது’ என்று சொல்லிவிட்டால், இவன் ருசியே பார்க்கவில்லை என்று நினைப்பார்கள். அதனால் முதல் கரண்டியில் ஏதாவது ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும்.

ரிடையர் ஆன பிறகு மாரடைப்பு வந்தது. அதிலிருந்து இதயத்துக்குப் பம்பிங் குறைவு. போதாததற்குப் போன வருடம் ஒரு வைரஸ் காய்ச்சல் பத்து நாள் புரட்டி எடுத்தது. திருப்பதி டாக்டர் சட்டம் போட்டுவிட்டார்: உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, தினமும் காலையில் எடை பார், ஒரே நாளில் இரண்டு கிலோ ஏறினால் ஓடி வா. என் மனைவி சுலோசனா அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு பாட்டில் தண்ணீரை எதிரில் வைத்து, “சாயந்தரம் வரைக்கும் இதான்” என்பாள். பல் தேய்க்கும் முன்பே எடை மெஷின்மேல் ஏற்றுவாள். போதாக்குறைக்கு விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு கஷாயம் சொன்னார்கள். காய்ச்சலே தேவலை என்று ஆகிவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சலோடு என் ருசியும் போய்விட்டிருந்தது. இட்லி, ஊறுகாய், மாத்திரை எல்லாம் நாக்குக்கு ஒன்றுதான். ருசி பார்த்தே பிழைத்தவனுக்கு நாக்கு போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? தட்டு வந்ததும் ஒரு வாய் போட்டு, தலையை ஆட்டி, “இன்னிக்கு உப்பு பக்குவம்” என்று சொல்லிச் சமாளித்தேன். சுலோசனாவும் தலையை ஆட்டிக்கொண்டே பரிமாறினாள். ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அப்போதுதான் சுலோசனாவின் தம்பி, என் மச்சானுடைய மகளுக்கு நாராயணவனத்தில் பெருமாள் கோயில் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம் வந்தது. மச்சானுக்கு நகரியில் பவர்லூம். மாப்பிள்ளை வீடு திருப்பதி. சுலோசனா பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போகும்போது, “நாற்காலிய விட்டு எழுந்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் எழுந்து சமையல் பக்கம் போனேன்.

சமையல் மேஸ்திரிக்குப் பெருமாள் கோயில் பக்கத்தில் சமைத்தால் தான் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம். அங்கே நின்றிருந்த மச்சான் என்னைப் பார்த்ததும் அவரிடம், “கவலைய வுடு. எங்க மாமா நாக்கு மெஷினு மாதிரி” என்றார்.

மேஸ்திரி கரண்டியிலிருந்து கொஞ்சம் சாம்பாரை என் உள்ளங்கையில் விட்டார். “உப்பு சூடண்டி சார். சரிபோயிந்தா?” என்று, உப்பு போதுமா பார்க்கும்படி தெலுங்கில் கேட்டார்.

நக்கினேன். சுட்டது. அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ‘சரியா இருக்குது’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முதல் சாம்பிள் ஆயிற்றே. கண்ணை மூடித் திறந்து, “கொஞ்சம் கம்மி” என்றேன்.

ஒரு கை கல் உப்பு போட்டார். மறுபடியும் நக்கினேன், மறுபடியும் சுட்டது. “இன்னும் ஒரு கை போடுங்க.”

“நெஜமாவா சார்?”

“முப்பது வருஷமா இதே வேலைங்க எனக்கு.”

மூன்றாம் தடவை “இப்ப சரி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, போய் முதல் பந்தியில் உட்கார்ந்தேன்.

சாம்பார் ஊற்றி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதிரில் மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் வைத்ததும் தண்ணீரைத் தேடினார். பக்கத்து இலைக்காரர் சோற்றை ஓரமாக ஒதுக்கினார். “சாம்பார்ல உப்பு ஜாஸ்தி” என்று வரிசை முழுக்க முணுமுணுப்பு. மச்சான் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார். ஒப்புக்கொள்ள அதுதான் நல்ல நேரம். நானோ நிமிர்ந்து உட்கார்ந்து, “எனக்கு நல்லாத்தான் இருக்குது. இன்னொரு கரண்டி ஊத்துப்பா” என்றேன். மூன்று கரண்டி. அந்தப் பந்தியிலேயே சாம்பாரைச் சாப்பிட்ட ஒரே ஆள், உப்பே தொடக் கூடாத நான்தான்.

யார் போய்ச் சொன்னார்களோ, சுலோசனா வேகமாக வந்தாள். என் இலையில் விரலைத் தொட்டு வாயில் வைத்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு பேர் எதிரில் இப்படி அவமானப்படுத்திவிட்டாளே என்று வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை.

மறுநாள் காலை எடை மெஷின் இரண்டு கிலோ முந்நூறு கூடக் காட்டியது. கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கியது. மச்சான் காரில் திருப்பதிக்குப் போகும்போது யாரும் சாம்பாரைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு முதல் தடவையாகப் பயமாக இருந்தது.

ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். மூச்சு கொஞ்சம் சீரானதும், சுலோசனாவிடம் மெதுவாக உண்மையைச் சொன்னேன். “காய்ச்சல்லேருந்து எனக்கு ருசியே தெரியல.”

“தெரியும்” என்றாள். “பதினஞ்சு நாளா உப்பே போடாம ஆக்கிப் போட்டுக்கினு இருக்கேன். நீங்க தெனமும் உப்பு பக்குவம்னு சொல்லிக்கினு துன்றீங்க. எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுக்கினே ஏன் சொல்லல?”

“சொன்னா ஒடிஞ்சு பூடுவீங்க. நாக்குதானே ஒங்களுக்கு எல்லாம். அதான் வாய மூடிக்கினு இருந்தேன். அது தப்பாப் போச்சி.” அழமாட்டாள் என்று நினைத்தேன். அழுதாள்.

மூன்று மாதத்தில் ருசி திரும்பி வந்தது. வந்த அன்றே, உன் சமையலில் உப்பே இல்லை என்று அவளிடம் சண்டை போட்டேன்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாராவது அடித்துச் சொன்னால், “மாமா உப்பு பாத்துட்டாரா?” என்று கேட்கிறார்கள். மச்சான் பழைய கார் வாங்கும்போதும் கேட்டார்கள், பேரனுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கும்போதும் கேட்டார்கள். கல்யாண வீடியோக்காரர் நான் மூன்றாவது கரண்டி கேட்டதை முழுசாகப் பிடித்து வைத்திருக்கிறார். பண்டிகை வந்தால் அதைப் போட்டு, அந்த இடத்தில் நிறுத்தி, எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பாதான் அதிகம் சிரிக்கிறார்.

சுலோசனா மட்டும் அந்த இடம் வரும்போது எழுந்து உள்ளே போய்விடுவாள். போன பொங்கலுக்கு நானும் பின்னாலேயே போனேன். சமையலறையில் விளக்குக்கூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன?” என்று கேட்டேன்.

“மத்தியான மாத்திர போட்டீங்களா?”

“போட்டேனே” என்றேன், நல்ல உறுதியாக.

அவள் மாத்திரை டப்பாவைத் திறந்து, அங்கேயே கிடந்த மத்தியான மாத்திரையை எடுத்து என் கையில் வைத்தாள்.