அஞ்சு நிமிஷக்காரர்

செஞ்சித் தாலுகாவில் எது தொலைந்தாலும் கண்டுபிடித்துத் தரக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். போலீஸ் ஸ்டேஷனையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன். அவர் எங்கள் தாலுகா ஆபீசில் தற்காலிக பியூன். அறுபதுகளில் நான் அங்கே புது குமாஸ்தா. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் அஞ்சு நிமிஷக்காரர்.

அதற்கு முன்னால் மெட்ராசில் கோல்ப் மைதானத்தில் துரைமார்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தவர். பை தூக்குவதைவிட, அடித்த பந்து எந்தப் புதரில் விழுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலையாம். அது என்ன ஆட்டம் என்று கேட்டால், "பெரிய மனுசங்க சின்னப் பந்தத் தொலைக்கறதுக்கு நாலு மைல் நடப்பாங்க சார். நாம கண்டுபிடிச்சுக் குடுத்தா மறுபடி தொலைப்பாங்க" என்பார்.

மைதானத்தை அவர் விட்டு வந்தாரே தவிர, மைதானம் அவரை விட்டபாடில்லை. கோல்பில் ஒருவர் அடிக்கக் குறி பார்க்கும்போது சுற்றி இருப்பவர்கள் மூச்சுவிடக் கூடாதாம். அதனால் தாசில்தார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்ததும் இவர் கையை உயர்த்தி, மனுக் கொடுக்க வந்த கூட்டத்தை "உஷ்!" என்று அடக்கிவிடுவார். ஜில்லாவிலிருந்து வந்த பெரிய அதிகாரியையே ஒருமுறை அடக்கினார். அன்றைக்குத் தாசில்தாரின் கையெழுத்து கோணிப்போனது. மட்டை பட்டுப் பெயர்ந்த புல்தரையை மூடி மிதிப்பதும் அங்கே அவர் வேலைதான். இங்கே தந்திக் கம்பம் நட வெட்டிய குழியை, ஆட்கள் சாப்பிட்டு வருவதற்குள் மூடிவிட்டார். "எவனோ அப்டியே வுட்டுட்டுப் போய்ட்டான் சார்" என்று என்னிடம் குறைபட்டுக்கொள்ளவும் செய்தார்.

தேடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆபீஸ் முத்திரை காணோமா? கடைசியாக யார் கையில் இருந்தது, எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று கேட்பார். நேராகப் போய் எடுத்துவருவார். ஒரே ஒரு நிபந்தனை. தேட ஆரம்பித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஐந்து நிமிஷத்துக்குள் கிடைக்காவிட்டால் பொருள் தொலைந்தது என்று அறிவித்துவிடுவார். கோல்பில் பந்துக்கு அதுதான் சட்டமாம்.

கடைத்தெருவில் மளிகைக்கடைக்காரர் மனைவியின் மூக்குத்தி புளி மூட்டைகளுக்கு நடுவே விழுந்துவிட்டது. இவரைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷம் துழாவிவிட்டு, "போச்சுங்க" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மறு நிமிஷமே அது கடைக்காரர் கையில் அகப்பட்டது.

"செல்லாதுங்க" என்றார் இவர்.

"யோவ், என் பொண்டாட்டி மூக்குத்திய்யா இது!"

"இருக்கலாம்ங்க. ஆறாவது நிமிசத்துல கெடச்சா அது கெடச்சதுல சேராது. வேற ஒண்ணு வாங்கிப் போடுங்க."

கடைக்காரர் படிக்கல்லைத் தூக்கினார். நான்தான் நடுவில் விழுந்து இவரை இழுத்துவந்தேன். வழியெல்லாம் திட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்க துரை ஒருத்தரு இருந்தாரு சார். கப்பு ஆட்டம். பந்து புதர்ல பூந்துடுச்சு. நாங்க ரெண்டே பேருதான் தேடறோம். ஆறாவது நிமிசத்துல எடுத்துக் குடுத்தேன். யாருக்குத் தெரியப் போவுது? நேரம் ஆயிடுச்சுன்னு அவரே போய்ச் சொல்லிட்டாரு. கப்பு போச்சு. அந்த மாதிரி ஆளுக்குப் பை தூக்கினவன் சார் நானு."

அதன் பிறகு அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை.

ஆபீஸ் முடிந்ததும் தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். அமாவாசை என்றால் லீவே போட்டுவிடுவார். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்களிலிருந்து இறங்கும் பெண்களின் முகங்களையே பார்த்துக்கொண்டு அவர் நிற்பதை ஒருநாள் பார்த்தேன்.

"யாரைத் தேடறீங்கண்ணா?"

"அய்யோ, தேடலை சார்" என்று பதறிவிட்டார். "சும்மா நிக்கறேன்."

மீதியை டீக்கடைக்காரர் சொன்னார். மனசு சரியில்லாத மனைவியை மெட்ராசிலிருந்து மேல்மலையனூர் அம்மனிடம் அழைத்து வந்திருக்கிறார். திரும்பும்போது இதே பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு டீ வாங்கப் போயிருக்கிறார். வந்து பார்த்தால் ஆளில்லை. நாலு பக்கமும் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அன்றைக்கு நின்றவர்தான். ஏழு வருஷமாகச் செஞ்சியை விட்டு நகரவில்லை.

சீயமங்கலம் குகைக்கோயில் பக்கம் யாருமற்ற பெண் ஒருத்தி இருப்பதாக ஒரு கண்டக்டர் சொன்னதும் நான் அவரிடம் ஓடினேன்.

"வாங்கண்ணா, போய்ப் பார்த்துடலாம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "வாணாம் சார். போனா தேட ஆரம்பிச்சதா ஆயிடும். ஆரம்பிச்சா அஞ்சு நிமிசம் ஓடிடும். அப்பறம் அவ தொலைஞ்சவ சார். இப்ப அப்டி இல்ல."

"சரி, நான் மட்டும் போறேன்."

"ஆட்டத்துல நம்ம பக்கத்து ஆளு யாரு தேடினாலும் அஞ்சு நிமிசக் கணக்குதான் சார். போவாதீங்க."

எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவருக்குத் தெரியாமல் பஸ் ஏறினேன். முதல் நாள் பெய்த மழையில் சீயமங்கலம் முழுக்கச் சேறு. குகைக்கோயில் அருகே அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவியின் இடது கையில் புருஷன் பெயரைப் பச்சை குத்தியிருக்கும் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். இந்தக் கை வெறுமையாக இருந்தது. வயதும் மிக அதிகம்.

"யாரத் தேடற நைனா?" என்று கேட்டாள். கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது என்று ஊரை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

சாயங்காலம் செஞ்சியில் இறங்கினால் எதிரே அவர்.

"நான் அங்க போகலைண்ணா" என்றேன் முந்திக்கொண்டு. "பாதி வழியில பஸ் ரிப்பேர். திரும்பிட்டேன்."

என் கால்சட்டையில் முழங்கால் வரை சேறு. புல் சாய்ந்திருப்பதை வைத்தே பந்து போன வழியைச் சொல்கிற மனிதர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, நான் தடுக்கத் தடுக்க அந்தச் சேற்றை முழுக்கத் துடைத்துவிட்டார்.

"நல்லவேள சார்" என்றார். "நீங்க போவல."

அடுத்த பஸ் வந்தது. அவர் எழுந்து போய் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.