குளம்புப் பூவுக்கு வேலி போட்ட கதை

1978ஆம் ஆண்டு, ஹாலிஎலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், விரல் உயரச் செடியொன்று அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. மழையோடு முளைத்து, ஊதாப் பூ பூத்து, விதை கொட்டிவிட்டு அந்த வருஷமே காய்ந்துபோகிற செடி. உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். ஆடு மிதித்துக் கிளறிய மண்ணில்தான் முளைக்கும் என்பதால் லயத்துச் சனங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள், அதைக் குளம்புப் பூ என்பார்கள்.

பதுளையிலிருந்து அரிய தாவர அதிகாரி மர்ஸூக் வந்தார். செடியைப் பார்த்தார். பக்கத்தில் மேய்ந்த, தோட்டத்தில் புல் பிடுங்கும் நல்லம்மாவின் ஆட்டையும் பார்த்தார். அறிக்கையில் ‘பிரதான எதிரி’ என்ற தலைப்பின் கீழ் ஆடு இடம்பெற்றது.

முள்கம்பி வேலி வந்தது. ஆடு, மாடு, அதிகாரிகள் உட்பட எவரும் உள்ளே பிரவேசிக்கலாகாது என்று பலகை வந்தது. நல்லம்மா ஆட்டை லயத்துக்குப் பின்னால் கட்டினாள்.

அடுத்த மழைக்கு வேலிக்குள் மானாப்புல்தான் தோளுயரம் வளர்ந்தது. வருஷா வருஷம் முதல் பூவை மாரியம்மனுக்கு வைக்கிறவள் நல்லம்மா. மனசு கேட்காமல், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பதுளைக்கு மர்ஸூக்கைப் பார்க்கப் போனாள்.

“ஐயா, வேலிக்குள்ள ஒரு செடிகூட இல்லீங்க. ஆட்ட உள்ள விட்டா மொளைச்சிரும்.”

“உள்ளே போய்ப் பார்த்தீங்களா?”

“வெளிய நின்னு பாத்தேங்க.”

“அப்போ அது பார்வையிட்டதாகாது. நானும் போக முடியாது, உத்தரவு போட்டதே நான்தான். இந்த வருஷம் செடிக்குச் சேதம் எதுவும் இல்லைன்னு எழுதியாச்சு.”

“செடியே இல்லீங்களே.”

“இல்லாத செடிக்கு எப்படிச் சேதம் வரும்?”

“லயத்துக்குப் பின்னால, ஆடு கட்டுற எடத்துல பதினோரு செடி நிக்குதுங்க.”

மர்ஸூக் வந்தார். குந்தியிருந்து பூதக்கண்ணாடியால் பார்த்தார். அவர் முகமே மலர்ந்துவிட்டது.

“அதே செடிதான். வேலியை இங்கே மாத்தணும். சுத்திவர இருபது யார் தூரம்.” காலால் அளந்தார். அளவுக்குள் லயத்தின் ஆறு காம்பிராக்களும் வந்தன. “நீங்க எல்லாரும் மூணு மாசத்துக்குள்ள வெளியேறணும்.”

ஆறு வீட்டுச் சனமும் வாசலில் வந்து நின்று நல்லம்மாவையே பார்த்தது. அவள் மர்ஸூக்கிடம் திரும்பினாள்.

“இன்னொருக்கா நல்லாப் பாருங்க ஐயா. இது வெறும் களைங்க.”

“நிச்சயமா?”

“முப்பது வருஷமா புல்லுப் புடுங்குறேன். எனக்குத் தெரியாதுங்களா?”

வேலியை நகர்த்த ஒன்பது கடிதம் எழுத வேண்டும். மர்ஸூக் நிம்மதியாக மூச்சு விட்டார். “களைன்னா பிடுங்கணுமே.”

நல்லம்மா பதினோரு செடியையும் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறிப் போட்டாள். மேற்படி அரிய செடி வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று மர்ஸூக் எழுதி நீட்டினார். ஆறு குடும்பமும் சாட்சிக்குக் கைநாட்டு வைத்தது. முதல் கைநாட்டு நல்லம்மாவுடையது.