தாணு அண்ணாச்சியின் எண்பத்து நாலு விமர்சனங்கள்

குத்துக்கல்வலசை,
22-7-1962

நம் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் உயர்திரு நல்லதம்பி அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, ரிட்டயர்டு ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா தங்கசாமி பணிவுடன் எழுதிக்கொண்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதால் வீட்டில் எட்டு விருந்தாளிகள். மற்றபடி சுகம். தங்கள் வீட்டிலும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன்.

காலஞ்சென்ற தாணு அண்ணாச்சி நம் பத்திரிகையில் எழுதிய கச்சேரி விமர்சனங்களையெல்லாம் தேடிப் பிடித்து, பைண்டு பண்ணி, வாசகசாலை அலமாரியில் வைக்க வேண்டுமென்று என்னிடம் ஒப்படைத்தீர்கள். ஆபீஸ் பிரதிகள் மழையில் கூழாகிவிட்டன, ஊருக்குள் பாரும் என்றீர்கள். கிளம்பினேன். வடகரையில் நம் வாசகி ஹைருன் பீவி நம் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருக்கிறார்கள். கதைக்குப் பின்பக்கமெல்லாம் தாணு அண்ணாச்சிதான். ஆசையோடு பிளேடை எடுத்தேன். "பிளேட உள்ள வைங்க அண்ணாச்சி. வேணும்னா இங்கன உக்காந்து பாத்து எழுதிட்டுப் போங்க"ன்னுட்டாங்க. மூணு நாள் உட்கார்ந்து முப்பத்தோரு விமர்சனம் எழுதினேன். முன்பக்கத்தையும் படித்துத் தொலைத்ததால், கதாநாயகிக்கு என்ன ஆகுமோ என்று சோறு இறங்கவில்லை. அப்புறம் ஆலங்குளத்தில் ஒரு டெய்லர், நம் பத்திரிகையை வெட்டித்தான் ஜாக்கெட்டுக்கு அளவுத்தாள் வச்சிருக்கார். ஒரு நாகசுர விமர்சனம் கழுத்தில் ஆரம்பிச்சு இடது கையில் முடியுது. "கொண்டு போங்க. ஆனா வேற தாள்ல அளவ வரைஞ்சு குடுத்துட்டுப் போங்க, ஆடிக்குள்ள மூணு ஜாக்கெட் தைக்கணும்லா"ன்னார். வரைந்து கொடுத்தேன். அதைப் போடப்போகும் அம்மாவை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

ஆனா ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. கல்யாண வீட்டில் வாசிச்சவன், கோயில் கொடையில் வாசிச்சவன், மெட்ராஸ் பேப்பர் எதிலும் பேர் வராதவன், அத்தனை பேரையும் சைக்கிள் மிதிச்சுப் போய்க் கேட்டு எழுதியிருக்காரே, என்ன மனுஷன்! அவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு இல்லை. அவர்கள் வாசித்தார்கள் என்பதற்கு இந்தத் தாள்களை விட்டால் சாட்சி கிடையாது. ஒரு தம்பூராக்காரரைப் பற்றி, 'மூன்று மணி நேரம் யாரும் அவரைப் பார்க்கவில்லை, அவர் ஒருமுறையும் பிசகவில்லை' என்று எழுதியிருக்கிறார். ஜாக்கெட்டின் வலது கையில் இருந்த அதைப் படிச்சுட்டு டெய்லர் கடையிலேயே எனக்குக் கண் கலங்கிட்டு.

தாணு அண்ணாச்சி குறித்து வைத்த பட்டியல்படி மொத்தம் எண்பத்தைந்து. இப்படியே ஊர் ஊராய் அலைந்து எண்பத்து நாலு சேர்ந்தாச்சு. 1956 ஆடியில் குற்றாலத்தில் நடந்த ஒரு கச்சேரியின் விமர்சனம் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. எலி தின்றிருக்கும். யாரோ சின்னப் பாடகர்தான், அதனால் நஷ்டமில்லை. இருப்பதை பைண்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

வீட்டில் ஆச்சிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். குற்றாலநாதர் கிருபையால் நம் வாரப் பத்திரிகை வாராவாரம் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கசாமி

பின்குறிப்பு: எலி தின்னவில்லை. அந்த வாரம் தென்காசி, குற்றாலம், வடகரை என்று கடைகடையாய்ப் போய் எல்லாப் பிரதிகளையும் வாங்கி வந்து வெந்நீர் அடுப்பில் வைத்தவன் நான்தான். பாடினதும் நான்தான். ஒரு பிரதியை மட்டும் ஏனோ எரிக்க மனசு வரவில்லை. இப்போது கவரை ஒட்டப் போகையில் தோன்றியது, நான் பாடினதற்கும் வேறு சாட்சி கிடையாதே அண்ணாச்சி. இத்துடன் வைத்திருக்கிறேன், எண்பத்தைந்தாவதாகச் சேர்த்துவிடுங்கள். எழுதியிருப்பது மூன்றே வரி: 'தங்கசாமி கல்யாணி பாடினார். வெளியே சாரல் பெய்தது. சாரல் சுகமாக இருந்தது.' வாஸ்தவம்தான். அன்றைக்குச் சாரல் ரொம்பவே சுகமாக இருந்தது.