நல்லா தண்ணி காட்டினாங்க

இரண்டு மொழி படித்தவனுக்கு இரண்டும் புரியும் என்பது ஒரு மூடநம்பிக்கை. இருபத்தைந்து வயதில் எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. (ஆங்கிலத்தில் எம்.ஏ., முதல் வகுப்பு. வேலைதான் இல்லை.)

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்துக் குடிசைகளுக்கு வெளிநாட்டு நன்கொடையில் அடிபம்பு போட்டிருந்தது. நன்கொடையாளர்களின் சார்பில் ஒரு வெள்ளைக்காரர் பார்வையிட வந்தார். மக்கள் பேசுவதை நிறுவனத்து ஆள் மொழிபெயர்க்கக் கூடாது, வெளியாள்தான் வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான நிபந்தனை. அந்த வெளியாள் நான்.

பம்புக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அவர் கைப்பிடியைத் தொடப் போனார். பூஜை போட்டதை அன்று தொடக்கூடாது, இங்கே அது வழக்கம் என்று நிறுவனத்தின் இயக்குநர் பணிவாகத் தடுத்தார். (அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது.)

காலிக் குடத்துடன் கன்னியம்மா என்ற பெண் முன்னால் வந்தார்.

"ரெண்டு வருசமா எங்களுக்கு நல்லா தண்ணி காட்டிகினு கீறாங்க. அவருகிட்ட சொல்லு சார்."

ஒரு வார்த்தை சிந்தாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்: இரண்டு ஆண்டுகளாக இவர்கள் எங்களுக்கு நல்ல தண்ணீரைக் காட்டி வருகிறார்கள். வெள்ளைக்காரர் கண் கலங்கி கன்னியம்மாவின் கையைப் பற்றிக் குலுக்கினார்.

"அவருக்குப் புரிஞ்சிச்சா சார்?"

"நல்லாப் புரிஞ்சுதும்மா."

அவர் நேரே விமான நிலையம் போய்விட்டார். எங்கள் வேன் மேடவாக்கம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. பதறிப்போய் இயக்குநரிடம் சொன்னேன்.

"வார்த்தைக்கு வார்த்தை சரியாத்தானே சொன்னீங்க தம்பி? விடுங்க."

விடாமல் வெளிநாட்டுத் தலைமையகத்துக்கே எழுதினேன். அவர்கள் முறைப்படி என் கடிதத்தை விளக்கம் கேட்டு இயக்குநருக்கு அனுப்பினார்கள். விளக்கம் திருப்தியாக இருந்ததாம். அடுத்த தவணை நன்கொடை வந்தது. பம்பில் தண்ணீர் வரவில்லை.

அந்தக் கோடையில் குட்டைத் தண்ணீரைக் குடித்து கன்னியம்மாவின் மகள் வாந்திபேதியில் கிடந்தாள். கேள்விப்பட்டு, மன்னிப்புக் கேட்கப் போனேன். எலும்பும் தோலுமாகக் குழந்தை அம்மா மடியில் படுத்திருந்தது. நான் தயாரித்துப் போயிருந்த வாக்கியங்களில் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீயும் நல்லா தண்ணி காட்டின சார்."

இந்த முறை பொருள் சரியாகவே புரிந்தது.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் சொம்பை எடுக்கும்போது மனைவி கேட்பாள்: "குடுக்கப் போறீங்களா, காட்டப் போறீங்களா?" வந்தவர்கள் விவரம் கேட்பார்கள். வெள்ளைக்காரர் கை குலுக்கியது வரை அவளே நடித்துக் காட்டுவாள், எல்லோரும் சிரிப்பார்கள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.