ஓட்டை போடாத பாராசூட்

பரிசு கைக்கு வருவதற்கு முன்பே அதை ஊரெல்லாம் சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு. இப்போது கொஞ்சம் குணமாகியிருக்கிறது. பாடசாலையில் ஏ.எல். படித்த காலத்தில் நன்றாக முற்றியிருந்தது.

மாத்தளையில் பாடசாலைகளுக்கு இடையே ஒரு விஞ்ஞானப் போட்டி வைத்தார்கள். மூன்றாம் மாடியிலிருந்து நாமே செய்த சின்னப் பாராசூட்டைப் போட வேண்டும். ஆக மெதுவாக இறங்குவதற்கு முதல் பரிசு. வென்றால் கொழும்பில் இறுதிப் போட்டி. சுமையாக ஓர் இரும்பு நட்டை, சிவப்புப் பெயின்டில் இலக்கம் போட்டு, அவர்களே தருவார்கள். அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் நேரம் கணக்கில் சேரும். (விதிமுறைத் தாளுக்குப் பின்பக்கம் ஒன்று இருந்தது. அதை நான் திருப்பியே பார்க்கவில்லை.)

என் கூட்டாளி ரிஸ்னா, பக்கத்து மேசைக்காரி. மரக்கறிக் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் சிலிசிலி பையை வட்டமாக வெட்டி, எட்டுத் தையல் நூல் கட்டி, எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிப் போட்டுப் பார்த்தோம். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் சம்பள நாளில் வீடு திரும்புகிறவரைப் போல இடமும் வலமும் ஆடி ஆடி வந்தது.

"நடுவுல சின்னதா ஒரு ஓட்டை போடுவோம் புள்ள. காத்து அதால போனா ஆடாம நேரா வரும்" என்றாள் ரிஸ்னா.

"ஓட்டை போட்டா சீக்கிரம் விழுந்திரும்டி. நமக்கு வேண்டியது மெதுவா வர்றது. நேரா வர்றது இல்ல."

இந்தப் பொன்மொழியை இன்றுவரை அவள் மறக்கவில்லை. பெயர் எழுதிய ஸ்டிக்கரைக்கூட நான் ஒட்டவிடவில்லை. மையும் பாரம்தானே என்றேன். இதற்கிடையில் அம்மா, நான் கொழும்புக்குக் கொண்டுபோக ஒரு புதுப் பையே வாங்கிவிட்டார்.

போட்டியன்று மற்றவர்களின் பாராசூட்டுகள் மாங்காய் மாதிரித் தொப்புத் தொப்பென்று விழுந்தன. கீழே ஸ்டாப்வாட்சோடு நின்ற கணித சேர் கண்ணிமைக்காமல் நேரம் குறித்துக்கொண்டிருந்தார். கடைசியாக என் முறை வந்தது. போட்டேன். விரிந்தது. அப்படியே நின்றது! கீழே கைதட்டல். நான் மாடியிலிருந்து மந்திரி மாதிரிக் கையசைத்தேன்.

அசைத்துக்கொண்டிருக்கும்போதே அது ஆட ஆரம்பித்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டுப் பக்கம் சரிந்தது. மலையிலிருந்து ஒரு காற்றும் சேர்ந்துகொள்ள, மதிலைத் தாண்டிப் போய், பஸ் ஹோல்டில் நின்ற லக்கல போகும் பஸ்ஸின் கூரையில், கால் மேலே தெரியக் கட்டி ஏற்றியிருந்த பிளாஸ்டிக் கதிரைகளுக்குள் மாட்டிக்கொண்டது.

பஸ் புறப்பட்டது.

எப்படி மூன்று மாடி இறங்கினேன் என்று தெரியாது. சேரைத் தாண்டி ஓடும்போது அவர் கத்தியது மட்டும் ஞாபகம்: "மகள், இன்னும் நிலத்துல படல்ல!"

பின்வாசலில் தொற்றிக்கொண்டேன். உள்ளே மூச்சுவிட இடமில்லை. முன்னால் நின்ற கொண்டக்டரிடம் நசுங்கி நசுங்கிப் போய்ச் சேரும்போது ரத்தோட்டை டவுனே வந்துவிட்டது. மூச்சிரைக்க, சிங்களத்தில் சொன்னேன்:

"அண்ணே, பஸ்ஸுக்கு மேல பாராசூட் விழுந்திருக்கு!"

அவர் முகம் மாறியது. "மேலயா? ஆளு உயிரோட இருக்கா?"

"இல்லண்ணே, அது சின்னது…"

"சின்னப் புள்ளயாம்!" என்றது பின் சீட். அதற்குப் பின்னால் இருந்தவருக்கு டமாரென்று சத்தமும் கேட்டிருந்தது. ஒரு அம்மா தலையில் கைவைத்து அழ ஆரம்பித்துவிட்டார். யாரோ மணியை அடிக்க, பஸ் நடுரோட்டில் நின்றது.

எல்லோரும் இறங்கினார்கள். கடைக்காரர்களும் ஓடி வந்தார்கள். பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் துணிக்கடைச் சாரம் ஒன்றை விரித்துக்கொண்டு நின்றார்கள். கொண்டக்டர் பின்பக்க ஏணியில் ஏறி, கதிரைகளுக்குள் தேடி, கடைசியில் இரண்டு விரலால் என் சிலிசிலி பையைத் தூக்கிக் காட்டினார்.

"இதா?"

"ஆமாண்ணே."

ரத்தோட்டை டவுன் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மீன்காரர் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். "இதுல அரைக் கிலோ சாளைகூட நிக்காதே."

கொண்டக்டர் அதை மேலிருந்தே விட்டார். இம்முறை அது ஆடவில்லை. சரியவில்லை. கோடு போட்ட மாதிரி நேராக, மெதுவாக, அத்தனை பேரும் பார்த்திருக்க என் காலடியில் வந்து இறங்கியது. எடுத்துப் பார்த்தேன். கதிரைக் கால் குத்தி நட்ட நடுவில் ஒரு ஓட்டை.

திரும்பிப் போய்ச் சேரும்போது பரிசளிப்பு முடிந்திருந்தது. சேர் மைதானத்திலேயே நின்றார். ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க விழுந்திச்சு?"

"ரத்தோட்டையில சேர்." நட்டை நீட்டினேன்.

அவர் விதிமுறைத் தாளைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினார்: 'பாராசூட் மைதானத்துக்குள் இறங்க வேண்டும்.' அத்தோடு கொழும்பும் போனது, அம்மா வாங்கிய பையும் வீணானது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என்னோடு பேசக்கூடாது என்று உட்கார்ந்திருந்த ரிஸ்னா பாராசூட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டாள்.

"இத யாரு போட்டது?"

"கதிரை."

"கதிரைக்கு வெளங்கினது ஒனக்கு வெளங்கல்ல பாரு" என்றாள். அதற்கு மேல் கோபத்தை அடக்கிவைக்க அவளால் முடியவில்லை, சிரித்துவிட்டாள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பங்குபற்றியதற்கான சான்றிதழ் வந்தது. கணித சேர் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடுகிற மனிதர் இல்லை. 'இறங்கிய இடம்' என்பதற்கு நேரே அழகான கையெழுத்தில் 'ரத்தோட்டை' என்று எழுதியிருந்தார். அப்பா அதை ஃபிரேம் போட்டு முன்ஹோலில் மாட்டினார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு விளக்கம் கேட்டார்கள். அப்பா சாரத்தை விரித்துப் பிடித்தவர்கள் உட்பட ஒன்றும் விடாமல் நடித்தே காட்டினார். தேத்தண்ணி ஆறிப்போனது. கல்யாணம் மட்டும் எப்படியோ நடந்துவிட்டது.

இப்போதும் வேலை முடிந்து வரும்போது பஸ் தாமதமானால் என் மாமியாரிடமிருந்து போன் வரும். எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்பதே இல்லை.

"சோறு வைக்கணும் புள்ள. நிலத்துல பட்டுட்டியா, இல்லியா?"