கழுத்துப் பொத்தான்

மூன்றாவது பொத்தானையும் வெட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது என்று மகள் சொன்னபோது, தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதைப் பாதியில் விட்டார்.

அவர்கள் சபையில் சட்டைக்கு ஏழு பொத்தான். எங்கோ தொலைவில் தலைமை மன்றத்தில் வீற்றிருக்கும் ஏழு பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று. ஒருவர் நீக்கப்பட்டால் அவருடைய பொத்தானை அத்தனை பேர் சட்டையிலும் வெட்டிவிட வேண்டும். சட்டையைத் திறந்து போடுவது பாவம். வேறு எதையாவது வைத்து மூடுவது அதைவிடப் பாவம். உத்தரவு தையல்காரர் பெயருக்குத்தான் வரும். அவருக்குக் கண் மங்கல் என்பதால் மகள் படித்துக் காட்டுவாள்.

"பெரியவங்க ஒருத்தரை ஒருத்தர் நீக்கிட்டிருக்காங்கப்பா. என் படிப்புக்கு யார் அனுமதி தருவாங்க?"

நர்ஸ் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் போச்சு. மனுப் போட்டு இரண்டு மாதம்; மன்றம் வாயே திறக்கவில்லை. கேட்காமல் போனால் குடும்பத்தையே தள்ளிவைப்பார்கள். அனுப்ப அவருக்கும் ஆசைதான். துணிச்சல்தான் இல்லை.

"இன்னும் நாலு பேர் இருக்காங்கல்லம்மா."

வியாழக்கிழமைக்குள் அந்த நாலு பேரும் போய்விட்டார்கள்.

ஆண்கள் சட்டையைக் கையால் இழுத்துப் பிடித்தபடி நடமாடினார்கள். முடிதிருத்துபவர் ஒற்றைக் கையால் வேலை பார்த்ததில் பள்ளி ஆசிரியருக்கு ஒரு பக்க மீசை போயிற்று. ரொட்டிக்கடைக்காரர் ஊக்குக் குத்திக்கொண்டு வந்தார். இந்த ஊக்கு எந்தப் பெரியவர் என்று கேட்டு மடக்கினார்கள். சட்டையை முன்பின்னாக மாற்றிப் போடலாமே என்றார் தையல்காரர். மார்பு மறைந்தது, முதுகு திறந்துகொண்டது. திறந்த முதுகை அடுத்தவருக்குக் காட்டுவது அவமரியாதை என்பதால் யாரும் யாரையும் முந்திப் போக முடியாமல் தெருவே நின்றுவிட்டது.

கடைசியில் உள்ளூரிலேயே ஏழு பெரியவர்களை வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அதிலும் ரகளை. எல்லோருக்கும் கழுத்துப் பொத்தான்தான் வேண்டும்; கால்சட்டைக்குள் மறையும் ஏழாவதைச் சீண்ட ஆளில்லை. தொப்புள் பொத்தான் கிடைத்த ரொட்டிக்கடைக்காரர் அழாத குறை.

"ஊசி யார் கையில இருக்கோ அவர்தான் கழுத்து," என்று தையல்காரர் பேச்சை முடித்தார்.

ஞாயிறு காலை கழுத்துப் பொத்தான் ஏறியதும் அவர் குரலே மாறிவிட்டது.

"இப்ப நீங்களே அனுமதி குடுக்கலாமேப்பா," என்றாள் மகள்.

"மனு எழுதிக் குடு. மன்றம் பரிசீலிக்கும்."

"நீங்கதானே மன்றம்?"

"அதனாலதான் பரிசீலிக்கணும்ங்கறேன்."

மாலைவரை பரிசீலித்தார். பிறகு ஒரு பெரிய பொத்தானை மையில் தோய்த்து மனுவில் முத்திரை குத்தி, அவளைப் பஸ் ஏற்றிவிட்டார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தாமாகவே ஒரு முடிவெடுத்த பெருமையில் நெஞ்சு நிமிர, கழுத்துப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது.

மறுநாள் காலை தபால்காரர் ஒரு தடித்த உறையை நீட்டினார். யாரிடமிருந்து என்று தையல்காரர் புதுக் குரலிலேயே விசாரித்தார்.

"தலைமை மன்றத்துலேர்ந்துண்ணே. ஏழு பேர் முத்திரையும் இருக்கு, பாத்துக்குங்க. இந்த ரெண்டு மாசத்துல உங்க வீட்டுக்கு நான் கொண்டு வர்ற முதல் கடிதமே இதுதான்."