விச்சித் போட்ட தேடுசொல்

"ஐந்தாம் அறையில் பேய் இருக்கிறது. விடிய விடியக் கத்துகிறது" என்று யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதிவிட்டுப் போனதிலிருந்து, தாய்லாந்தின் லம்பாங் ஊரில் இருந்த விச்சித்தின் விடுதிக்கு ஈ காக்கைகூட வரவில்லை. கத்தியது சுவருக்குள் குடியிருந்த ஒரு பெரிய பல்லி.

"லோய் கிரதோங் திருவிழாவுக்குள்ள ரூம் நிரம்பணும். இல்லேன்னா இடத்தை எங்க அண்ணனுக்குக் குடுத்துடணும். அவர் டயர் கடை போடப் போறார்" என்று மனைவி சுனந்தா கறாராகச் சொல்லிவிட்டாள். அண்ணன்காரர் இப்போதே தினமும் டேப்போடு வந்து சுவரை அளந்துகொண்டிருந்தார்.

விச்சித் ரோஷத்தோடு விடுதியின் இணையப் பக்கத்தில் மறுப்பு எழுதினார். "எங்கள் விடுதியில் பேய் இல்லை. குளியலறையில் பேய் இல்லை. வாழைமரத்தடியில் பேய் இல்லை. ஐந்தாம் அறையில் பேய் இல்லவே இல்லை."

பாங்காக்கில் இணைய வேலை பார்க்கும் தங்கை மகள் கஞ்சனா போனில் அலறினாள்.

"என்ன மாமா இது! ஆளுங்க எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுறாங்களோ, அதான் தேடுசொல். உங்க பக்கம் பூரா பேயாத்தான் இருக்கு. இனிமே பேயைத் தேடுறவன் எல்லாம் உங்க வாசல்லதான் வந்து நிப்பான்!"

"இல்லேன்னுதானேம்மா எழுதினேன்?"

"அதை யாரு பாக்கப் போறா? முதல்ல அழிங்க!"

அழிப்பதற்குள் போன் அடித்தது. திருவிழாவில் மோத வரும் குத்துச்சண்டைக் குழு ஒன்று எல்லா அறைகளையும் கேட்டது. விச்சித்துக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் மலை மாதிரி இருந்தார்கள். உள்ளே ஆவி இருந்தால் கோபித்துக்கொள்ளாமலிருக்க, காலி அறைக் கதவைத் தட்டிக் கும்பிட்டுவிட்டு நுழைவது அந்த நாட்டில் எல்லாரும் செய்வதுதான். இவர்களோ அலமாரியைக்கூடத் தட்டிக் கும்பிட்டார்கள். அவர்களில் பெரிய மலை கவுண்டரில் குனிந்து மெதுவாகக் கேட்டது.

"அண்ணே, பேய் விஷயம்... எழுதியிருக்கிற மாதிரிதானே?"

விச்சித் கண்ணடித்தார். "கவலையே படாதீங்க தம்பி."

பிறகு உள்ளே ஓடினார். "சுனந்தா, பேயைப் பாக்கத்தான் வந்திருக்காங்க! ஏமாத்தி அனுப்பினா மானம் போயிடும்!"

"உங்களுக்கு என்ன கிறுக்கா?"

பல்லியை நம்ப முடியாது. அன்றைக்குப் பார்த்து அது வாயே திறக்கவில்லை. அந்தி மயங்கியதும் விச்சித் மனைவியின் பச்சைப் பாவாடையைச் சுற்றி, தேங்காய் நாரைத் தலையில் கவிழ்த்து, வாழைமரத்தடியில் நின்று ஊளையிட்டார்.

நன்றாகவே ஊளையிட்டார். ஒரு மலை ஜன்னல் வழியாகக் குதித்தது. இன்னொன்று துண்டோடு வேனில் ஏறியது. பெரிய மலை பலாமரத்தின் உச்சியில் இருந்தது. வேன் கிளம்பியது. மச்சான் நிதானமாக ஐந்தாம் அறையை அளக்க ஆரம்பித்தார்.

விச்சித் நாரைப் பிடுங்கி எறிந்தார். "தம்பி, இறங்குங்க! நான்தான்! நீங்க தேடி வந்த பேய்தானே?"

மரத்தின் மேலிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

"யோவ், நாங்க எங்கய்யா பேயைத் தேடினோம்? 'பேய் இல்லாத விடுதி'ன்னு தேடினோம். இந்த ஊர்லயே உன் விடுதி ஒண்ணுதான்யா வந்துச்சு!"